கவுன்ட்டரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: எம்.எஸ். நோயும் மருந்தாளுநரும்

மே மாதத்து மதியம். 55 வயது இருக்கும் ஒரு அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கவுன்ட்டருக்கு வந்து, "சிப்ரோ 500, பத்து மாத்திரை குடும்மா" என்று கேட்டார். மகளுக்கு இரண்டு நாளாக நீர்க்கடுப்பாம். சீட்டு இருக்கிறதா என்றேன். இல்லை. "போன வருஷம் இதுதான் எழுதிக் கொடுத்தாங்க, உடனே கேட்டுச்சு."

"மகள் வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார் முதலில். பணத்தை எடுக்கப் பையைத் திறந்தவர், அப்படியே நிறுத்தி, "கால் இறுக்கத்துக்கு ஒண்ணு போடறா. அவளுக்கு எம்.எஸ்.னு சொல்லியிருக்காங்க. அதுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில தனியா மருந்து" என்றார். மகளைப் போனில் பிடித்து, இறுக்கத்துக்குச் சாப்பிடும் மாத்திரையின் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். டிசானிடின். நான்கு மாதத்துக்கு முன்புதான் தொடங்கியிருக்கிறார்கள்.

சிப்ரோஃப்ளாக்சசினும் டிசானிடினும் சேரவே கூடாத ஜோடி. டிசானிடினை உடைத்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலில் ஒரு நொதி செய்கிறது. சிப்ரோ அந்த நொதியின் கையைக் கட்டிவிடும். ஆரோக்கியமானவர்களை வைத்து நடத்திய ஆய்வில், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது உடல் எதிர்கொண்ட டிசானிடினின் அளவு சுமார் 10 மடங்கு ஏறியது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், கண்ணைத் திறக்க முடியாத அளவுக்குத் தூக்கம் தள்ளும், எழுந்து நின்றால் விழுந்துவிடுவார்கள். ஏற்கெனவே தள்ளாடி நடக்கும் ஒருவருக்கு அந்த விழுகை சாதாரணமானது அல்ல. அன்று மகளின் நரம்பியல் மருத்துவரை அழைத்துப் பேசினோம். சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், வேறு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள்.

இந்தச் சம்பவத்தில் யார் மீதும் தப்பு இல்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு நீர்க்கடுப்பு தெரியாது. நீர்க்கடுப்புக்கு முன்பு மருந்து எழுதியவருக்கு டிசானிடின் தெரியாது. அம்மாவுக்கு மருந்துகளுக்குள் நடக்கும் சண்டை தெரிய வாய்ப்பில்லை. இரண்டு மருந்தும் ஒரே நேரத்தில் கண்ணில் படுகிற இடம் மருந்துக் கவுன்ட்டர் ஒன்றுதான். எம்.எஸ். நோயாளிக்கு மருந்தாளுநர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

முதலில், எம்.எஸ். என்றால் என்ன?

முழுப் பெயர் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். ஆனால் தண்டுவடத்தோடு மூளையும் கண் நரம்பும் பாதிக்கப்படுவதால் அந்தப் பெயர் பாதிதான் சொல்கிறது. நம் நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. செய்தி வேகமாகவும் சிதறாமலும் போவது அந்த உறையால்தான். கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், ஆள் தெரியாமல் இந்த உறையைத் தாக்குகிறது. உறை உரிந்த இடத்தில் செய்தி தாமதமாகப் போகும், அல்லது போகவே போகாது. பிற்பாடு அந்த இடம் தழும்பாக இறுகிவிடும். பாரீஸில் ஷார்கோ என்ற மருத்துவர் 1868-இல் இதை ஒரு தனி நோயாக விவரித்தார்.

உறை எங்கே உரிகிறதோ அதைப் பொறுத்து அறிகுறி மாறும். ஒருவருக்கு ஒரு கண் மட்டும் வலியோடு மங்கும். இன்னொருவருக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். நடை தள்ளாடுவது, சிறுநீரை அடக்க முடியாமல் ஓடுவது, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியவே புரியாத அசதி என்று பட்டியல் நீளம். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2020-இல் எடுத்த கணக்குப்படி உலகம் முழுவதும் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. தொற்றாது. பெரும்பாலோருக்கு ஆரம்பத்தில் இது விட்டுவிட்டு வரும்: சில வாரம் தாக்கும், பிறகு தணியும், மாதங்களோ வருடங்களோ கழித்து மறுபடி தாக்கும்.

மருந்துகளை மூன்று கூடையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இருக்காது. தாக்குதல் வரும்போது அதைச் சீக்கிரம் அடக்கக் கொடுப்பது ஸ்டீராய்டு. வழக்கமாக மெத்தில்பிரெட்னிசோலோன், தினம் 1 கிராம், 3 முதல் 5 நாள். இரண்டாவது, அடுத்த தாக்குதல் வராமல் தடுத்து நோயின் போக்கையே மாற்றும் மருந்துகள். இவற்றில் முதலாவதான இன்டர்ஃபெரான் பீட்டாவுக்கு 1993-இல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் ஒன்றுகூட இல்லை. இன்று ஊசி, மாத்திரை, ஆஸ்பத்திரியில் ஏற்றும் சொட்டு மருந்து என்று பல வந்துவிட்டன. மூன்றாவது கூடையில் இறுக்கம், வலி, சிறுநீர்த் தொந்தரவு, அசதி, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான மருந்துகள்.

டாக்டரைப் பார்க்காத நாட்கள்

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது கூடையில் இருக்கும் டைமெத்தில் ஃபியூமரேட் என்ற கேப்ஸ்யூலைச் சாப்பிடும் ஒருவர் தினம் இரண்டு தடவை, வருடத்துக்கு 730 தடவை மருந்தைக் கையில் எடுக்கிறார். அதே கூடையின் கிளாட்டிரமர் என்ற ஊசி மருந்தை வாரம் மூன்று நாள் போட்டுக்கொள்பவர் வருடத்துக்கு 156 ஊசி தானே குத்திக்கொள்கிறார். நரம்பியல் மருத்துவரை அவர் பார்ப்பது வருடத்தில் இரண்டு, மூன்று, மிஞ்சினால் நான்கு தடவை. மற்ற நாளெல்லாம் மருந்தும் அவரும்தான். அந்த நாட்களில் மாதம் ஒரு முறையாவது அவர் வந்து நிற்கும் இடம் எங்கள் கவுன்ட்டர்.

மருந்து தொடங்குவதற்கு முன்பே எங்கள் வேலை தொடங்கிவிடும். நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்து என்றால் ரத்த அணுக்கள், கல்லீரல், ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைகள் முடிந்தனவா, சின்னம்மை வந்திருக்கிறதா அல்லது தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உயிருள்ள கிருமியை வைத்துச் செய்யும் தடுப்பூசிகளை இத்தகைய மருந்து தொடங்கிய பிறகு போட முடியாமல் போகலாம். போடுவதானால் சில வாரம் முன்பே போட வேண்டும். இதையெல்லாம் டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனால் ஒரு தாளில் வைத்துச் சரிபார்க்க இரண்டாவது ஜோடிக் கண் இருந்தால் நல்லதுதானே.

ஊசி மருந்தில் எங்களுக்கு இருக்கிற பெரிய கவலை வெயில். இன்டர்ஃபெரான் பலவும் கிளாட்டிரமரும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். கதவில் வேண்டாம், அங்கே ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு ஏறும். ஃப்ரீசருக்கு அடியில் ஒட்டியும் வேண்டாம். ஒரு தடவை உறைந்துவிட்டால் அந்த ஊசி வீண். உருகி மறுபடி தெளிவாகத் தெரிந்தாலும் வீண்தான். திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ பஸ்ஸில் எடுத்துப்போகிறவர்கள் நல்ல எண்ணத்தில் ஐஸ் பாக்கெட்டின் மேலேயே ஊசிப் பெட்டியைப் படுக்க வைத்துவிடுகிறார்கள். ஊசி உறைந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான். இடையில் ஒரு துண்டைச் சுற்றி வைத்தால் போதும். கிளாட்டிரமரின் பல பிராண்டுகளை 30 டிகிரிக்கு மேல் போகாத அறையில் ஒரு மாதம்வரை வெளியே வைக்கலாம் என்று பெட்டியில் போட்டிருக்கும். சரி, மே மாதத்தில் நம் ஊரில் எந்த அறை 30 டிகிரியில் இருக்கிறது? கரன்ட் போய் நான்கைந்து மணி நேரம் ஆகிவிட்டால், மருந்தைத் தூக்கிப்போடுவதற்கும் கண்ணை மூடிக்கொண்டு குத்திக்கொள்வதற்கும் முன்னால் ஒரு போன் போடுங்கள். மருந்தின் பெயர், எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்று சொன்னால் பார்த்துச் சொல்லலாம்.

குத்தும் விதத்தையும் நாங்கள் காட்டித் தருகிறோம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 20 நிமிடம் வெளியே வைத்தால் எரிச்சல் குறையும். வயிறு, தொடை, மேல்கை, இடுப்பின் மேல்பகுதி என்று இடத்தை மாற்றிக்கொண்டே வர வேண்டும். ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கு அடியில் கொழுப்புக் கரைந்து குழி விழும், அது திரும்பி வருவது கஷ்டம். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் 'இ.தொ', 'வ.தொ' என்று இடது தொடை, வலது தொடையைக் குறித்துக்கொள்ளச் சொல்வேன்.

இன்டர்ஃபெரான் போட்ட இரவு காய்ச்சல் மாதிரி உடம்பு வலிக்கும். படுக்கப்போகும் முன் போட்டுக்கொண்டு, டாக்டர் சொன்னபடி பாராசிட்டமால் எடுத்தால் தூக்கத்தோடு போய்விடும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பழகிவிடும். கிளாட்டிரமர் போட்ட சில நிமிடங்களில் நெஞ்சு படபடத்து முகம் சூடாகலாம். பெரும்பாலும் கால் மணி நேரத்தில் தானாக அடங்கும். ஆனால் அடங்காமல் கூடிக்கொண்டே போனால், மூச்சு வாங்கினால், உடம்பில் தடிப்பு வந்தால், முகமோ நாக்கோ வீங்கினால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். ரொம்ப நாள் பிரச்சினை இல்லாமல் போட்டவருக்கும் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2025 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துக்கு உச்ச எச்சரிக்கை சேர்த்திருக்கிறது.

மாத்திரைதானே என்று நினைக்க வேண்டாம்

ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறினால் எல்லோருக்கும் நிம்மதி. எங்களுக்கு மட்டும் கேள்விகள் கூடும்.

டைமெத்தில் ஃபியூமரேட் கேப்ஸ்யூலை முதல் 7 நாள் 120 மில்லிகிராம் இரண்டு வேளை, அப்புறம் 240 இரண்டு வேளை என்று ஏற்றுவார்கள். சாப்பிட்ட அரைமணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து, மிளகாய் அரைத்துத் தடவியது போல எரியும். வயிற்றைப் பிசையும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி அலர்ஜி என்று பயந்து இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார். சொல்லிவிட்டால் தாங்கிக்கொள்வார், ஏனென்றால் முதல் மாதத்துக்குப் பிறகு பெரும்பாலும் குறைந்துவிடும். வெறும் வயிற்றிலோ ஒரு காபியோடோ போட வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போடுங்கள் என்பேன். இட்லி என்றால் வேர்க்கடலைச் சட்னியோடு, அல்லது கூடவே ஒரு முட்டை. கொஞ்சம் கொழுப்பும் புரதமும் இருந்தால் வயிறு அடங்கியிருக்கும். கேப்ஸ்யூலைத் திறந்து கொட்டக் கூடாது. ரத்தத்தில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை இறங்குகிறதா என்று சில மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். "கடைசியா ரத்தம் எப்போ கொடுத்தீங்க?" என்று நாங்கள் கேட்பது அதற்காகத்தான்.

2010-இல் வந்த ஃபிங்கோலிமாட், எம்.எஸ். போக்கை மாற்ற அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் வாய்வழி மருந்து. முதல் கேப்ஸ்யூல் இதயத் துடிப்பை மெதுவாக்கும் என்பதால் ஆஸ்பத்திரியில் 6 மணி நேரம் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். இது பலருக்கும் தெரியும். தெரியாதது இதுதான்: முதல் மாதம் தாண்டிய பிறகும், தொடர்ந்து 14 நாளுக்கு மேல் மருந்து விட்டுப்போனால், மறுபடி தொடங்குவது முதல் நாள் தொடங்குவதற்குச் சமம். வீட்டிலேயே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் அட்டையில் பத்து நாளுக்கு மருந்து இருக்கும்போதே அடுத்ததைக் கேளுங்கள் என்று சொல்கிறோம். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் எழுதும் சில மாத்திரைகளும் துடிப்பைக் குறைப்பவைதான். இரண்டும் சேர்ந்தால் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

டெரிஃப்ளுனோமைட் தினம் ஒரே ஒரு மாத்திரை, உணவோடும் போடலாம், உணவு இல்லாமலும் போடலாம். எளிமையாகத் தெரிகிறது. ஆனால் கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து. நிறுத்திய பிறகும் சிலருக்கு 2 வருடம்வரை ரத்தத்தில் தங்கும். குழந்தை வேண்டும் என்றால் கொலெஸ்டிரமைன் பவுடரோ செயலூட்டிய கரியோ 11 நாள் கொடுத்து உடம்பிலிருந்து துடைத்தெடுக்க வழி இருக்கிறது. இந்த நோய் அதிகம் வருவது குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்கு. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில், அம்மா அப்பா பக்கத்தில் நிற்கும்போது, கருத்தடை பற்றிக் கவுன்ட்டரில் பேச எந்தப் பெண்ணுக்கும் கூச்சமாக இருக்கும். அது எங்களுக்குப் புரியும். தனியாக இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டால் போதும்.

அதே மருந்தில் இன்னொன்று. முதல் சில மாதங்களில் சிலருக்கு முடி கொட்டும். முடி கொட்டினால் நம் ஊரில் உடனே வாங்குவது பயோட்டின் மாத்திரை. அதிக அளவு பயோட்டின் உடம்பில் இருந்தால் தைராய்டு உட்படச் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவு தப்பாக வரும். ஏற்கெனவே அசதியில் இருக்கும் பெண்ணுக்குத் தைராய்டு முடிவும் தப்பாக வந்தால் என்ன ஆகும்? இல்லாத நோய்க்கு வைத்தியம் தொடங்கும். முடி பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இந்தச் சுற்றே வந்திருக்காது.

"எதிர்ப்பு சக்தி கூட்ட" என்று வாங்கும் பொடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நோயில் எதிர்ப்பு மண்டலம் ஏற்கெனவே வழி தவறி ஆடுகிறது, அதை அடக்கத்தான் மருந்து கொடுக்கிறோம். கொரோனா காலத்தில் சீந்தில் கொடி சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் வீங்கியதாக இந்திய மருத்துவர்கள் ஆய்விதழ்களில் எழுதினார்கள். கல்லீரலை மாதாமாதம் கவனிக்க வேண்டிய மருந்தோடு இவையும் சேர்ந்தால் எது காரணம் என்றே தெரியாமல் போகும். நாட்டு மருந்து சாப்பிடுகிறேன் என்று சொன்னால் நாங்கள் கோபப்படுவோம் என்று நினைத்து மறைக்கிறார்கள். நான் கோபப்பட மாட்டேன். பெயரைச் சொன்னால் மட்டும் போதும்.

ஆஸ்பத்திரியில் சொட்டாக ஏற்றும் ஆக்ரிலிஸுமாப், ரிட்டுக்ஸிமாப் போன்றவற்றில் கலப்பது, ஏற்றும் வேகம், முன்னால் கொடுக்க வேண்டிய ஒவ்வாமைத் தடுப்பு எல்லாம் ஆஸ்பத்திரி மருந்தகத்தின் பொறுப்பு. ஒரு செய்தி மட்டும் சொல்லிவிடுகிறேன்: 2023-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்காக கிளாட்ரிபைன், கிளாட்டிரமர், ரிட்டுக்ஸிமாப் ஆகிய மூன்றைச் சேர்த்தது. செலவைத் தாங்க முடியாத நாடுகளுக்கு அது பெரிய விஷயம்.

சின்ன மருந்துகளின் பெரிய சிக்கல்

மூன்றாவது கூடையைத்தான் எல்லோரும் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் அதிக விபத்து நடப்பது அங்கேதான்.

பேக்லோஃபென், தசை இறுக்கத்துக்கான மாத்திரை. விலை குறைவு, பல வருடமாகச் சாப்பிடுகிறார்கள். கடையில் ஸ்டாக் இல்லை, "நாளைக்கு மறுநாள் வாங்க" என்கிறார்கள், சரி என்று வீட்டுக்குப் போய்விடுகிறார். பேக்லோஃபெனை அப்படி ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், இறுக்கம் பல மடங்காகத் திரும்பலாம். குறைப்பதென்றால் டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான். எங்கள் கடையில் இல்லையென்றால் எந்தக் கடையில் இருக்கிறது என்று போன் போட்டுக் கேட்டுச் சொல்வது எங்கள் கடமை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

நடக்கும் வேகத்துக்காகக் கொடுக்கும் ஃபாம்ப்ரிடின் 12 மணி நேரத்துக்கு ஒன்று. காலையில் மறந்துவிட்டோமே என்று மத்தியானம் இரண்டாகப் போட்டால் வலிப்பு வரும் ஆபத்து கூடுகிறது. விட்டது விட்டதுதான். அடுத்த வேளைக்கு ஒன்று மட்டும். உடைக்கவோ நசுக்கவோ கூடாது. சிறுநீரகம் சரியாக இல்லாதவர்களுக்கு இது ஆகாது.

அடுத்தது, ஜலதோஷ மாத்திரை. ஒருவர் சிறுநீர் அவசரத்துக்கு ஆக்ஸிபியூட்டினின் சாப்பிடுகிறார். நரம்பு வலிக்கு இரவில் அமிட்ரிப்டிலின். மூக்கு ஒழுகுகிறது என்று குளோர்ஃபெனிரமின் கலந்த மாத்திரையைத் தானே வாங்கிப் போடுகிறார். மூன்றும் ஒரே பக்கம் இழுப்பவை: வாய் உலர்ந்துபோகும், மலச்சிக்கல் கட்டும், சிறுநீர் தேங்கும், ஞாபகம் மங்கும். "எம்.எஸ். மூளைக்கு ஏறிடுச்சு போல, நேத்து என்ன சாப்பிட்டேன்னே நினைவில்லை" என்று அவர் அழுதுகொண்டிருப்பார். நோய் முற்றவில்லை. மூன்று மாத்திரை ஒரே நேரத்தில் வேலை செய்கிறது, அவ்வளவுதான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வெயிலுக்கு வருவோம். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே உறை உரிந்த நரம்பில் செய்தி தடுமாறும். பார்வை மங்கும், கால் இழுக்கும். உத்தாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-இல் இதை எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். குளிர்ந்ததும் சரியாகிவிடும், புதிய பாதிப்பு எதுவும் இல்லை. காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும் இதே வேலையைச் செய்யும். ஆக, பழைய அறிகுறி தலைகாட்டியதும் "போன தடவை கொடுத்த ஸ்டீராய்டைக் கொடுங்க" என்று வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது: காய்ச்சல் இருக்கிறதா? சிறுநீர் எரிகிறதா? நேற்று வெயிலில் அலைந்தீர்களா? தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு எடுத்தால் தொற்று வளரும், காய்ச்சல் மட்டும் மறைந்து ஏமாற்றும். சர்க்கரை ஏறும், தூக்கம் போகும். இந்த மருந்தைச் சீட்டில்லாமல் கொடுக்க மறுக்கும் மருந்தாளுநர்மீது தயவுசெய்து வருத்தப்படாதீர்கள். 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் புதிய அறிகுறி என்றால் டாக்டரிடம் போக வேண்டும், கடைக்கு அல்ல.

காசு பற்றியும் பேச வேண்டும்

மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மறதியால் இல்லை. மாதக் கடைசியில் பணம் இல்லை, பையனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியாக வேண்டும், தன் மருந்தை நீட்டித்துக்கொள்கிறார்கள். டாக்டரிடம் இதைச் சொல்ல வெட்கம். ஸ்கேனில் புதிய தழும்பு வந்ததும் மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டர் நினைத்து, இன்னும் கடுமையான, இன்னும் விலை கூடிய மருந்துக்கு மாற்றுகிறார். இதை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அட்டை எப்போது தீர வேண்டும், எப்போது தீர்ந்தது என்பது எங்கள் பில்லில் தெரிகிறது. அதனால் "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்று நான் கேட்பதில்லை, அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "போன மாசம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்பேன். அப்போது உண்மை வரும்.

வந்தால் செய்யச் சில காரியங்கள் இருக்கின்றன. டெரிஃப்ளுனோமைட், டைமெத்தில் ஃபியூமரேட், ஃபிங்கோலிமாட் மூன்றுக்கும் இந்தியாவில் தயாராகும் ஜெனரிக் மருந்துகள் உண்டு. விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும், டாக்டரிடம் கேட்டு மாற்றலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிடுகிறது. அதில் எம்.எஸ்.ஸும் ஒன்று. பாதிப்பின் அளவைப் பொறுத்துச் சான்றிதழ் கிடைக்கும், அதைக் கையில் வைத்துக் கேட்கக்கூடிய சலுகைகள் உண்டு. 1985-இல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. முதன்முறையாக நோயின் பெயரைக் கேட்டு உடைந்துபோனவர்களுக்கு, அதே நோயோடு 15 வருடம் வேலைக்குப் போய்வரும் ஒருவரைப் பார்ப்பது எந்த மருந்தும் செய்யாததைச் செய்யும்.

எங்களுக்கும் எல்லை உண்டு. நோயைக் கண்டுபிடிப்பதோ, அளவை மாற்றுவதோ எங்கள் வேலை இல்லை. பிரிட்டனில் கூடுதல் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் 2006 முதல் தாங்களே மருந்து எழுதலாம், எம்.எஸ். சிகிச்சைக் குழுக்களிலும் இருக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. ஆனால் நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்வது எங்கள் கடமை என்று 2015-ஆம் ஆண்டின் மருந்தக நடைமுறை விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. நோயாளிகளையே மையமாக வைத்த 6 வருட ஃபார்ம்.டி. படிப்பும் 2008 முதல் இருக்கிறது. கவுன்ட்டரில் நிற்பவர் எல்லோரும் மருந்தாளுநர் இல்லை என்பதும் உண்மை. பதிவுபெற்ற மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கும். "அவர் எப்போ இருப்பார்?" என்று கேட்டு, அந்த நேரத்துக்குப் போங்கள். முடிந்தவரை ஒரே கடையில் வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்தும் ஆன்லைனில் வாங்கும் மருந்தும் அந்தக் கடைக்குத் தெரியட்டும்.

போகும்போது ஒரு தாள் கொண்டு போங்கள். முன்பக்கம் எல்லா மருந்தும் எழுதுங்கள்: பெயர், அளவு, எத்தனை வேளை, எப்போது தொடங்கியது. வைட்டமின் டி, தலைவலி மாத்திரை, கஷாயம், தூக்கத்துக்குப் போடுவது எதையும் விட வேண்டாம். பின்பக்கம் ஒவ்வாமை, போட்ட தடுப்பூசிகள், கடைசி ரத்தப் பரிசோதனைத் தேதி, குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அது, விட்டுப்போன வேளைகள். பேனாவைவிடப் பென்சில் நல்லது, மருந்துகள் மாறிக்கொண்டே இருக்கும். அதைப் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவையுங்கள். அவசரத்துக்கு மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுவது பெரும்பாலும் நோயாளி இல்லை, அம்மாவோ கணவரோ தம்பியோதான்.

அன்று சிப்ரோ கேட்டு வந்த அம்மாவுக்கும் அப்படி ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் வந்தபோது அது நான்காக மடித்து அவருடைய பர்ஸில், பஸ் பாஸுக்குப் பின்னால் இருந்தது. மகள் தன் கையெழுத்தில் இரண்டு மருந்துகளைப் புதிதாகச் சேர்த்திருந்தாள்.